பூசணிக்காய் லொறி

எங்கள் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும், கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் அம்மா என்னைப் பற்றி ஒரு கதையைச் சொல்லிவிடுவார். பன்னிரண்டு வயதில் இந்தப் பிள்ளை மஹியங்கனைப் பக்கத்திலிருந்து மலை ஏறி, பதினெட்டு வளைவுகளையும் சைக்கிளிலேயே கடந்தது என்பதுதான் கதை. வந்தவர்கள் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் இது சொல்லப்பட்டது. அப்படியென்றால் பிள்ளைக்கு மூட்டுகள் எல்லாம் நல்ல உறுதியாக இருக்கும் என்று மாப்பிள்ளையின் தாய் சொன்னார்.

நான் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. உண்மையில் நான் ஏறியவை ஏழு வளைவுகள். அவற்றிலும் மூன்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். மிச்சத்தைப் பூசணிக்காய் ஏற்றிய ஒரு லொறி ஏறியது.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் சித்தப்பா, அப்பாவின் கடைசித் தம்பி. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. ஓர்ஸ் ஹில் என்ற கடலோர மேட்டில் இருந்த எங்கள் வீட்டின் முன்னறை அவருடையது. துறைமுகத்தில் தீயணைப்பு வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்ற அறிவித்தல் வந்த நாளிலிருந்து அவர் வேறு எதையும் பற்றி நினைத்ததாகத் தெரியவில்லை. விடிவதற்கு முன்னர் போய்க் கடற்கரை மணலில் ஓடுவார். பிறகு நீந்துவார். பின்னேரங்களில் மண் நிரப்பிய ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் மேட்டுத் தெருவில் ஏறி இறங்குவார். முதல் கிழமை அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் மூன்றாம் கிழமை அவருக்குத் தண்ணீர் கொடுக்கத் தொடங்கினார்கள். எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டார். உடற்தகுதிச் சோதனை மட்டும் மிச்சம். வயதெல்லை அந்த வருடத்தோடு முடிகிறது என்பதால், இந்த முறை தவறினால் அடுத்த முறை என்று ஒன்று இல்லை. ஆனால் அவர் தவறக்கூடும் என்று தெருவில் யாரும் நினைக்கவில்லை.

எனக்கு அந்த வருடம்தான் சைக்கிள் கிடைத்தது. வகுப்பில் முதலாவதாக வந்ததற்கு அப்பா வாங்கித் தந்தது. ஊதா நிறம், ஆறு கியர். அதை வைத்துக்கொண்டு என் வயதுப் பிள்ளைகள் எல்லோரையும் எங்கள் மேட்டில் தோற்கடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பாவோடு நிலாவெளிக்கும், ஒருமுறை கிண்ணியாப் பாலம் வரைக்கும் போய் வந்தேன். பாலத்தில் எதிர்க்காற்றில் மிதித்தபோது, இனி எனக்கு ஏலாத றோட்டு என்று ஒன்று இந்த நாட்டில் இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். மலை என்பது எங்கள் மேட்டைப் போலப் பத்து மடங்கு நீளமானது என்றுதான் நான் விளங்கி வைத்திருந்தேன். பத்து மடங்கு என்பது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

தெல்தெனியாவில் மாமி இருந்தார். அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. மாமா அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். ஓகஸ்ட் விடுமுறையில் மஹியங்கனை வரை வாகனத்தில் போய், அங்கிருந்து சைக்கிளில் மலை ஏறி மாமி வீட்டுக்குப் போகலாம் என்று சித்தப்பா எப்போதோ ஒரு பேச்சுக்குச் சொல்லியிருந்தார். பெரியவர்கள் பேச்சுக்குச் சொல்வதைச் சிறுவர்கள் எழுதி வைத்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. நான் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

உடற்தகுதிச் சோதனைக்குத் திகதி வந்தது. அது விடுமுறையின் கடைசிக் கிழமையில் இருந்தது. சோதனை முடிந்த பிறகு போகலாம் என்றார் அம்மா. அதற்குள் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும் என்றேன் நான். அடுத்த விடுமுறையில் போகலாம் என்றார் அப்பா. நான் சாப்பிட மறுத்தேன். மத்தியானமும் சாப்பிடவில்லை, இரவும் சாப்பிடவில்லை. இடையில் குசினி அலுமாரியில் இருந்த பிஸ்கட் பக்கற்றை முடித்தது யாருக்கும் தெரியாது. அடுத்த நாள் காலையில் சித்தப்பாவே அம்மாவிடம் போனார்.

"அண்ணி, பத்திரமாக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாக் கொண்டு வாறன். எனக்கும் அது ஒரு பயிற்சிதானே."

"எனக்குப் பிள்ளையை விட உங்கட கால்தான் பயம் தம்பி," என்றார் அம்மா.

சித்தப்பா சிரித்தார். சோதனைக்கு ஐந்து நாட்கள் இருந்தன. நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். நான் வென்றுவிட்டேன் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அப்பாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் மஹியங்கனைக்குக் கருவாடு ஏற்றிப் போவார். அவருடைய லொறியில் எங்களையும் இரண்டு சைக்கிள்களையும் ஏற்றினார்கள். அன்று அவருடைய உறவினர் வீட்டில் தங்கி, அடுத்த நாள் காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். என் சட்டையில் கருவாட்டு மணம் இருந்தது. சித்தப்பாவின் சைக்கிள் அப்பாவினுடையது. பழையது, கியர் இல்லாதது, என் சைக்கிளைப் போல் இரண்டு மடங்கு பாரம். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

முதல் ஒன்றரை மணித்தியாலம் சமதரை. அறுவடை முடிந்த வயல்கள், குளங்கள், றோட்டோரம் நித்திரையாய்க் கிடந்த மாடுகள். நான் முன்னால் போனேன். ஹசலக்க தாண்டியதும் மலை எழுந்து நின்றது. அதன் மேல் எங்கேயோ, நம்ப முடியாத உயரத்தில், ஒரு பஸ் எறும்பைப் போல ஊர்ந்தது. அதுதான் நாங்கள் போக வேண்டிய றோட்டு என்றார் சித்தப்பா. நான் அது வேறு றோட்டாக இருக்கும் என்று நினைத்தேன்.

அடிவாரத்தில் நிறுத்தி, போத்தல்களில் தண்ணீர் நிரப்பினார். அவருடைய சைக்கிளுக்குக் கியர் இல்லாததால் என்னோடு மெதுவாக வர முடியாது, எழுந்து நின்று ஒரே மூச்சில் மிதித்தால்தான் ஏறும் என்று விளங்கப்படுத்தினார். இரண்டு மூன்று வளைவுகள் முன்னால் போய் எனக்காகக் காத்து நிற்பார். நான் வந்து சேர்ந்ததும் மறுபடி புறப்படுவார்.

"இஞ்ச பார் பிள்ளை, ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லு. திரும்பிப் போய் பஸ்ஸில ஏறுவம். அதில ஒரு வெட்கமும் இல்லை."

மேலே போய் உங்களுக்கு முதல் நான் தேத்தண்ணி சொல்லி வைக்கிறேன் என்று பதில் சொன்னேன்.

முதலாவது வளைவை உண்மையாகவே சைக்கிளை மிதித்து ஓடி ஏறினேன். இரண்டாவதையும் ஏறினேன். மூன்றாவதில் கடைசிக் கியருக்கு வந்துவிட்டேன்; அதற்குக் கீழே இன்னும் ஒன்று இருக்கும் என்று விரல் தேடிக்கொண்டே இருந்தது. சித்தப்பா அங்கே நின்று குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் தந்தார். நான்காவதில் தொடைகள் எரிந்தன. ஐந்தாவதில் வளைவுக்குள் இறங்கி வந்த ஒரு பஸ் என்னை ஒட்டி ஹோன் அடிக்க, இறங்கிவிட்டேன். இறங்கிய பிறகு ஏற முடியவில்லை. அந்தச் சரிவில் சைக்கிளில் ஏறி மிதிக்கத் தொடங்குவதற்கே ஒரு தைரியம் வேண்டும். தள்ளினேன். இறங்கும் வாகனங்களின் பிறேக் கருகிய மணம் மூக்கில் நின்றது. றோட்டோர மதிற்கட்டில் குரங்குகள் வரிசையாக இருந்து என்னைப் பார்த்தன.

ஆறாவது வளைவில் சித்தப்பா காத்திருந்தார். நான் அவர் கண்ணில் படும் தூரம் வரும்போது சைக்கிளில் ஏறி, பத்து யார் தூரம் மிதித்து, ஓடி வந்தவள் போலவே நின்றேன். எப்படி, ஏலுமா என்று கேட்டார். ஓம் என்றேன். திரும்புவமா என்றும் கேட்டார். இல்லை என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்ததாகப் பத்தாவது வளைவில் நிற்பேன், ஆறுதலாக வா என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழாவது வளைவைத் தாண்டியதும் நான் மதிற்கட்டில் இருந்து அழத் தொடங்கினேன். கீழே நாங்கள் வந்த நாடு முழுவதும் பரப்பிக் கிடந்தது. அழகாகத்தான் இருந்திருக்கும். எனக்கு அது நான் திரும்பிப் போக முடியாத தூரமாக மட்டும் தெரிந்தது.

பூசணிக்காய் லொறி அங்கேதான் நின்றது. இயந்திரம் சூடானதால் தண்ணீர் ஊற்றுவதற்காக நிறுத்தினார்கள். ஒரு நடுத்தர வயதுச் சிங்களவர். பக்கத்தில் அவருடைய மனைவி. அந்த அம்மா இறங்கி வந்து என் கன்னத்தைத் துடைத்து ஏதோ கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியாது. மேலே கையைக் காட்டினேன். அவர்களும் மேலே கையைக் காட்டினார்கள். பிறகு அந்த மனிதர் என் சைக்கிளைத் தூக்கிப் பூசணிக்காய்களின் மேல் படுக்க வைத்தார். நான் முன்சீற்றில் இரண்டு பேருக்கும் நடுவில் ஏறி இருந்தேன். அவர்கள் நல்ல மனிதர்கள். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை.

ஏறும்போது என் எண்ணம் நேர்மையாகத்தான் இருந்தது. பத்தாவது வளைவில் சித்தப்பா நிற்பார். லொறியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு ஏலாது என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் இறங்குவதற்குச் சொல்லும் அந்த ஒரு சிங்களச் சொல் எனக்குத் தெரியும். அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பத்தாவது வளைவு வந்தது. சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, சித்தப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மதிற்கட்டில் இரண்டு கைகளையும் ஊன்றி, கீழ்றோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத்தான் தேடினார். லொறி அவரை நெருங்கியது. எனக்கு வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள் ஞாபகம் வந்தன. சொல் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. சீற்றிலிருந்து சரிந்து, முன்பலகைக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

அந்த அம்மா அதைப் பார்த்துச் சிரித்தார். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பார். லொறி இரைந்துகொண்டு வளைவில் திரும்பியது. நான் நிமிர்ந்தபோது பக்கக் கண்ணாடியில் வெறும் றோட்டுத்தான் தெரிந்தது.

வளைவுகள் முடியும் இடத்தில் ஒரு தேநீர்க்கடை இருந்தது. அதன் முன்னால் என்னை இறக்கிவிட்டு, என் கையில் இரண்டு கொய்யாப்பழங்களைத் தந்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். அப்போது மணி ஒன்பதேகால். நான் முகத்தைக் கழுவினேன். சைக்கிளில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டினேன். சித்தப்பா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் சத்தம் போடாமல் அவரைக் கடந்து வந்துவிட்டேன் என்று சொல்லத் தீர்மானித்தேன். இதைச் சொல்லும்போது எப்படிச் சிரிக்க வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்தேன்.

பத்து மணியானது. பதினொன்றானது. கடைக்கார அம்மா பணிஸும் தேநீரும் தந்தார். சித்தப்பா வரவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கடைக்கார அம்மா தன் கைபேசியை எடுத்து என்னிடம் நீட்டி, காதில் வைத்துக் காட்டினார். சித்தப்பாவின் இலக்கம் எனக்கு மனப்பாடம். வீட்டு இலக்கமும் மனப்பாடம். நான் தலையை ஆட்டி மறுத்தேன். இப்போது பேசினால், எத்தனை மணிக்கு வந்தாய் என்று சித்தப்பா கேட்பார். ஒன்பதேகால் என்றால் பிடிபட்டுவிடுவேன்.

அந்த நேரத்தில் என் மனதில் என்ன இருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சித்தப்பாவுக்கும் ஏலாமல் போய்விட்டது என்று நினைத்தேன். சாக்குத் தூக்கிப் பழகியும் அவருக்கு மலை ஏற முடியவில்லை. அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம் இருந்தது. இனி என்னைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது.

இரண்டு மணிக்கு அவர் வந்தார். சைக்கிளில் வரவில்லை, அதை ஊன்றுகோல் மாதிரிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். சட்டை தோளில் கிழிந்திருந்தது. கைகள் முழுக்க முள் கீறிய கோடுகள். வலது முழங்காலில் காற்சட்டை கறுப்பாக நனைந்து ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் சைக்கிளை நடுறோட்டில் அப்படியே விட்டுவிட்டு வந்தார். பின்னால் வந்த வான் பிறேக் போட்டு நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

"எங்கயும் நோகுதா?"

"இல்லை."

"ஆராவது உன்னோட கதைச்சவையா? கையைக் கிய்யைப் பிடிச்சவையா?"

அவர் என்னைச் சந்தேகிக்கிறார் என்று எனக்குப் பட்டது. லொறியைப் பற்றி யாரோ சொல்லிவிட்டார்கள். என் வாயிலிருந்து பிடுங்கப் பார்க்கிறார். நான் உஷாரானேன்.

"ஒருத்தரும் கதைக்கேல்லை. நான் ஓடித்தான் வந்தனான். நீங்கள் மதிலால எட்டிப் பார்த்துக்கொண்டு நிண்டீங்கள், நான் சத்தம் போடாமக் கடந்து வந்திட்டன்."

சிரிக்க யோசித்து வைத்திருந்த இடத்தில் சிரித்தேன். அவர் என்னையே பார்த்தார்.  பிறகு முகத்தை என்னிடமிருந்து திருப்பி, மூச்சை இழுத்து விட்டார்.

"கெட்டிக்காரி," என்றார்.

அங்கிருந்து தெல்தெனியாவுக்கு இன்னும் இருபத்தைந்து கிலோமீற்றருக்கு மேல். ஏற்றமும் இறக்கமுமான றோட்டு. பஸ்ஸில் போவோமா என்று கேட்டேன். இரண்டு சைக்கிள்களையும் ஏற்ற எந்த பஸ்ஸும் சம்மதிக்கவில்லை. என்னை மட்டும் ஏற்றிவிட அவர் சம்மதிக்கவில்லை. ஒரு காலால் மட்டும் மிதித்துக்கொண்டு வந்தார். இறக்கங்களில்கூட என்னை முன்னால் போக விடவில்லை. தன் பார்வையிலேயே, கை எட்டும் தூரத்திலேயே வரச் சொன்னார். அவர் இவ்வளவு மெதுவாகப் போவது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஐந்து மணித்தியாலம் இருந்து இளைப்பாறிய கால்கள் எனக்கு.

மாமி வீட்டை அடையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வாசலிலேயே சித்தப்பா மாமியைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மாமி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தானே குளிக்க வார்த்தார். எனக்குப் பன்னிரண்டு வயது, நானே குளிப்பேன் என்றேன். கேட்கவில்லை. கழுத்து, கைகள், முதுகு என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். என்ன நடந்திருந்தாலும் மாமி கோபிக்க மாட்டேன், அம்மாவிடமும் சொல்ல மாட்டேன், உள்ளதைச் சொல்லு என்றார். சைக்கிளிலிருந்து விழுந்த காயங்களைத் தேடுகிறார் என்று நினைத்தேன். ஒரு இடத்திலும் விழவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். மாமி என்னை ஈரத்தோடு கட்டிப்பிடித்துக்கொண்டார்.

உடுப்பு மாற்றும்போது அடுத்த அறையில் சித்தப்பா அழுவது கேட்டது. மாமா அவருடைய முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். பெரிய ஆம்பிளை, தீயணைக்கப் போகிறவர், முழங்கால் நோவுக்கு இப்படி அழுவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு அவர் கைபேசியில் அம்மாவிடம் பேசினார். பிள்ளை எல்லா வளைவையும் ஓடியே ஏறிவிட்டாள் அண்ணி, எனக்குத்தான் சறுக்கிவிட்டது என்றார். கதை அப்படித்தான் தொடங்கியது. தொடக்கி வைத்தவர் அவர்.

சோதனை நாளில் முழங்காலை இறுக்கக் கட்டிக்கொண்டு போனார். ஓட்டத்தில் பாதியில் நின்றுவிட்டார் என்று அவரோடு போன சிநேகிதர் சொன்னார். சித்தப்பா வீட்டில் சொன்னது, மற்றப் பொடியள் கெட்டிக்காரர் என்பது மட்டும்தான். நான் அப்பவே சொன்னேன் என்று அம்மா அழுதழுது அவரை ஏசினார். அவர் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை யாரும் ஏசவில்லை. நான் வீட்டில் பாராட்டுப் பெற்றவள்.

அடுத்த வருடம் கட்டாருக்குப் போனார். ஒரு களஞ்சியத்தில் வேலை, பெரும்பாலும் நின்றபடி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். ஒவ்வொரு முறையும் காலை இழுத்து நடப்பது கொஞ்சம் கூடியிருக்கும். எனக்கோ வயது ஏற ஏற, நான் குனிந்த அந்த ஒரு கணம் பெரிதாகிக்கொண்டே போனது. பல தடவை சொல்ல நினைத்தேன். விமான நிலையத்தில் சொல்ல முடியவில்லை. கலியாண வீட்டில் சொல்ல முடியவில்லை. தொலைபேசியில் சொல்லலாம் என்று எடுத்தால், அவர் பக்கத்தில் எப்போதும் யாராவது இருந்தார்கள்.

போன வருடம் சித்தப்பா ஒரேயடியாகத் திரும்பி வந்தார். முழங்காலைக் காட்டுவதற்கு நான்தான் அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனேன். எப்படி வந்தது, எவ்வளவு காலம் என்று வைத்தியர் கேட்டார். ஒரு பள்ளத்தில் இறங்கும்போது கல்லில் அடிபட்டது, பன்னிரண்டு வருடம் என்றார் சித்தப்பா. பள்ளத்தில் இறங்கிய கதையை நான் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். மருந்துக்காக வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது, இனித் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது.

"சித்தப்பா, அண்டைக்கு நான் ஓடி வரேல்லை. லொறியில வந்தனான். உங்களைக் கண்டும் குனிஞ்சு ஒளிச்சனான்."

"தெரியும்," என்றார். குனிந்தது மட்டும் தெரியாது போலும். அதற்கு ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

என்னால்தான் அந்த வேலை போனது, என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். இவ்வளவு காலமும் செய்து வைத்திருந்த வசனங்கள் எல்லாம் அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டன.

"வேலையோ?" என்று கேட்டார். அதை அவர் மறந்தே போயிருந்தவர் மாதிரி இருந்தது. பிறகு, அன்று நடந்ததைச் சொன்னார். நான் வராததைக் கண்டு அடிவாரம் வரை இறங்கியிருக்கிறார். ஒவ்வொரு மதிற்கட்டாக எட்டிப் பார்த்துக்கொண்டே மறுபடி ஏறியிருக்கிறார். ஒரு வளைவில் கீழே பற்றைக்குள் ஊதா நிறத்தில் ஏதோ தெரிந்திருக்கிறது. இறங்கினார், சறுக்கினார், அது கிழிந்த பொலித்தீன். ஊர்ந்து மேலே வந்தால், முதலில் பூட்டிக் கிடந்த ஒரு சோளக்கடையில் ஒரு பெண் இருந்தாள். அவள் காலையில் கடைக்கு வரும் வழியில் என்னைக் கண்டிருக்கிறாள். பிள்ளை, சைக்கிள், லொறி என்று கையால் காட்டினாள். ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று காட்டினாள்.

எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில், யுத்த நாட்களில் காணாமல்போன பிள்ளைகளைப் பற்றி, வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பதற்குப் பிறகு சொல்ல எதுவும் இல்லை. அதில் ஒரு வீட்டுப் பிள்ளை சித்தப்பாவோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்.

"அங்கயிருந்து மேல வர ஒரு மணித்தியாலம் எடுத்தது," என்றார். "அந்த ஒரு மணித்தியாலம் என்னெல்லாம் நினைச்சன் எண்டு இண்டைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. உனக்கும் சொல்ல மாட்டன். மேல வந்தா நீ இருக்கிறாய். இருந்துகொண்டு பொய் சொல்லுறாய். அப்பதான் எனக்கு உயிர் வந்தது பிள்ளை. ஒண்டும் நடக்காத பிள்ளைதான் அப்பிடிப் பொய் சொல்லும்."

 பன்னிரண்டு வருடமாக ஒரு வேலைக்காகவும் ஒரு முழங்காலுக்காகவும் வருந்திக்கொண்டிருந்தேன். அவர் அந்த ஒரு மணித்தியாலத்தைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். அதற்கு என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மருந்து கொடுக்கும் யன்னலில் எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். சித்தப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.